மரக்காணம் உப்பளக் கரையில் பொதுக் கட்டடங்களும் ஆற்றல் சிக்கனமும்

சத்திரம், விடுதி, பொது உணவுக்கூடம், சமுதாயக் கூடம், நூலகம், புயல் காப்பகம் எனப் பலர் கூடிப் பயன்படுத்தும் கட்டடங்களில், வசதியைக் குறைக்காமல் மின்சாரத்தையும் எரிபொருளையும் குறைவாகச் செலவிடுவதே பொதுக் கட்டடங்களின் ஆற்றல் சிக்கனம் எனப்படுகிறது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்திலிருந்து தெற்கே புதுச்சேரி வரை நீளும் ஏறக்குறைய 35 கி.மீ. கடற்கரைக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1937-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட கோல்கொண்டா விடுதியும், 1990களில் ஆரோவிலில் எழுந்த வருகையாளர் மையமும் சூரிய சமையற்கூடமும் இந்தக் கரையில்தான் உள்ளன. குளிர்பதனப் பெட்டியை நம்பாமல், வெயிலையும் காற்றையும் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை இவை. ஆயினும் இதே கரையின் சிற்றூர்களில் உள்ள சாதாரணப் பொதுக் கூடங்களுக்கு அந்த அறிவு பெரிதும் போய்ச் சேரவில்லை. அது ஏன், போய்ச் சேர்ந்தால் என்ன மாறும் என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது.

நிலமும் காலநிலையும்

மரக்காணம் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த பேரூராட்சி. ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் கழுவெளி என்னும் உவர்நீர் ஏரியும் இருக்க, இடையில் உப்பளங்கள் பரந்துள்ளன. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் மரக்காணமே. உப்பும் விறகும் ஒருகாலத்தில் இக்கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குச் சென்றன. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஊரிலுள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

இந்தியாவின் கட்டட விதிகள் நாட்டை ஐந்து காலநிலை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. அவற்றில் இக்கடற்கரை 'வெப்ப ஈரப்பத' மண்டலத்தைச் சேர்ந்தது. இங்கே வெப்பத்தைவிட ஈரப்பதமே மனிதரை அதிகம் வருத்துகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் உடலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. வறண்ட ஊர்களில் தண்ணீர் தெளித்தும் ஈரத்திரை கட்டியும் அறையைக் குளிர்விக்கலாம். கடலோரத்தில் அதனால் பெரும்பயன் இல்லை. இங்கே உடலைக் குளிர்விக்க நகரும் காற்று வேண்டும்.

சூரியனின் பாதையும் கவனிக்கத்தக்கது. மரக்காணம் ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் நான்காம் வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. டிசம்பர் இறுதியில்கூட அது தென்வானில் 54 பாகை உயரத்துக்குக் கீழே இறங்குவதில்லை. இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஆண்டு முழுவதும் அதிக வெயிலைத் தாங்குவது கூரை. அடுத்து அடிபடுவன கிழக்கு, மேற்குச் சுவர்கள். காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்வாக வருவதால் இச்சுவர்களைக் கூரை நீட்டத்தால் காப்பது கடினம். வடக்கு, தெற்குச் சுவர்களுக்கோ அளவான தாழ்வாரமே போதும். எனவே நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கும்படி, கிழக்கு மேற்காக நீளும் கட்டடமே இந்தக் கரைக்குப் பொருத்தமானது.

உப்பளம்: வெயிலும் காற்றும் செய்யும் வேலை

ஆற்றல் என்பது என்ன அளவினது என்பதை உணர உப்பளமே நல்ல எடுத்துக்காட்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 35 கிராம் இருக்கும். அதில் உண்ணும் உப்பின் பங்கு 27 கிராம் அளவே. ஆகவே ஒரு கிலோ உப்பு விளையக் குறைந்தது 37 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. கணக்கிட்டால் ஒரு கிலோ உப்புக்கு ஏறக்குறைய 25 யூனிட். கடையில் சில ரூபாய்க்கு விற்கும் உப்புக்குள் இவ்வளவு ஆற்றல் செலவு அடங்கியிருக்கிறது. அதை வெயிலும் காற்றும் இலவசமாகத் தருவதால்தான் உப்பு மலிவாகக் கிடைக்கிறது.

உப்பளத்தின் அமைப்பும் அந்த இலவச ஆற்றலை வீணாக்காத வகையில் உருவானது. ஆழமற்ற பாத்திகளில் நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்து, செறிவு கூடி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் படிகிறது. திறந்த வெளியும் தடையற்ற காற்றும் அதற்கு வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொழில் நின்றுவிடுகிறது. மரமோ கூரையோ இல்லாத இந்த வெட்டவெளியில்தான் தொழிலாளர்கள் உப்பு வாருகின்றனர். உப்பை விளைவிக்கும் அதே வெயில் அவர்கள் உடலையும் வாட்டுகிறது. நிழலும் காற்றும் உள்ள ஒரு பொதுக் கட்டடம் இவர்களுக்கு உடல்நலத் தேவை.

உப்புக்காற்று கட்டடத்தையும் அரிக்கிறது. காங்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்போது பலமடங்கு பருமனாகி, மேலே மூடியுள்ள காங்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. மின்விசிறியின் இரும்புக் கொக்கி, குளிர்பதனப் பெட்டியின் வெளிப்புறப் பகுதி, சன்னல் கம்பி எல்லாமே உள்நாட்டு ஊர்களைவிட இங்கே விரைவில் கெடுகின்றன. கருவிகளை மட்டும் நம்பி நிற்கும் கட்டடம் இக்கரையில் இருமுறை செலவு வைக்கிறது. ஒன்று மின்கட்டணம், மற்றொன்று பழுதுச் செலவு.

பழைய பொதுக் கட்டடங்கள்

மின்சாரம் வருவதற்கு முன் தமிழகத்தில் மக்கள் கூடிய இடங்கள் கோயில் மண்டபம், சாவடி, சத்திரம், திண்ணை ஆகியவை. மண்டபத்துக்கும் சாவடிக்கும் சுவர் குறைவு, தூண் அதிகம். நாற்புறமும் காற்று புகும். கற்கூரை பகலில் மெல்லச் சூடேறும். சத்திரங்களில் நடுமுற்றம் சூடான காற்றை மேலே வெளியேற்றியது. தென்றல் வரும் தெற்கையும், மழைக்காலக் கொண்டல் வரும் கிழக்கையும், வாடை வீசும் வடக்கையும் பார்த்து வாசலும் திண்ணையும் வைப்பது கட்டுவோருக்குப் பழக்கமான அறிவு.

சென்னை, புதுச்சேரிப் பகுதிகளின் பெரிய கட்டடங்களில் 'மெட்ராஸ் டெரஸ்' கூரை பரவலாக இருந்தது. மர உத்தரங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக வைத்துச் சுண்ணாம்புக் கலவையால் இணைத்து, மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசு போட்டு இடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். பல அடுக்கான இக்கூரை வெப்பம் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தியது. கடற்கரையில் கிடைத்த கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, சுவருக்கு வெண்பூச்சாகி வெயிலைத் திருப்பி அனுப்பியது. இவையெல்லாம் 'ஆற்றல் சிக்கனம்' என்ற பெயரில் செய்யப்பட்டவை அல்ல. வேறு வழியில்லாத காலத்தில் அனுபவம் கற்பித்தவை.

இவற்றுக்குக் குறைகளும் இருந்தன. பல கட்டடங்களில் ஒளி குறைவு. மர உத்தரங்களைக் கரையான் அரிக்கும். சாவடியும் சத்திரமும் எல்லாச் சாதியாருக்கும் ஒரேபோலத் திறந்திருக்கவும் இல்லை. எல்லாரும் உரிமையோடு நுழையும் பொதுக் கட்டடம் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. பழைய கட்டட அறிவைப் போற்றும்போது இந்த வேறுபாட்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கோல்கொண்டா: காங்கிரீட்டில் ஒரு மாற்றுவழி

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்காகக் கட்டப்பட்ட விடுதியே கோல்கொண்டா. ஐதராபாத் நிஜாம் அரசின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி இதற்கு நிதி உதவினார். அதை நினைவுகூரும் வகையில் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள கோல்கொண்டா கோட்டையின் பெயர் இதற்கு இடப்பட்டது.

இதை வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட். அமெரிக்கக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட்டுடன் பணியாற்றி, டோக்கியோ இம்பீரியல் விடுதிப் பணிக்காக 1919-இல் ஜப்பானுக்குச் சென்று, அங்கேயே தம் தொழிலை நிறுவியவர். ரேமண்டின் அலுவலகத்தில் பணிபுரிந்த ஜார்ஜ் நகாஷிமா கட்டுமானத்தைக் கவனிக்கப் புதுச்சேரிக்கு வந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராகப் புகழ்பெற்றவர் இவர். பாரிசில் லே கொர்பூசியேயிடம் பணியாற்றிய பிரான்டிசெக் சாமரும் இணைந்தார். 1937-இல் தொடங்கிய வேலை, ஆசிரமத்தினரின் உழைப்போடு, இரண்டாம் உலகப்போர்க் கால நெருக்கடிகளையும் கடந்து 1940களில் நிறைவுற்றது.

கோல்கொண்டா இந்தியாவின் தொடக்ககால நவீனக் காங்கிரீட் கட்டடங்களில் ஒன்று. ஆயினும் அதன் சிறப்பு காங்கிரீட்டைப் பயன்படுத்திய விதத்தில் இருக்கிறது. அதை நான்கு கூறுகளாகப் பார்க்கலாம்.

முதலாவது, திசை. நீண்ட முகப்புகள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. குறுகிய பக்கங்களே கிழக்கு, மேற்கு வெயிலைப் பெறுகின்றன.

இரண்டாவது, அறைகளின் வரிசை. ஒரே வரிசையில் தெற்குப் பக்கம் அறைகளும், அவற்றுக்கு வடக்கே நடைபாதையும் உள்ளன. இருபுறமும் அறைகள், நடுவில் இருண்ட நடைபாதை என்ற வழக்கமான விடுதி அமைப்பில் காற்று குறுக்கே போக முடியாது. இங்கே ஒவ்வோர் அறையின் ஊடாகவும் காற்று கடந்து செல்கிறது. அறைக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள தேக்குமர நகர்கதவுகளில் இடைவெளி விட்டுப் பலகைகள் பொருத்தப்பட்டுள்ளன. கதவை மூடினாலும் பார்வை மறையும், காற்று மறையாது.

மூன்றாவது, முகப்பு. கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாக முகப்பு முழுவதும் லூவர் எனப்படும் சாய்வுப் பலகைகள் அமைந்துள்ளன. உள்ளிருந்தே இவற்றைத் திருப்பி, வெயிலைத் தடுத்துக் காற்றை விடலாம். மழை பெய்தால் மூடிக்கொள்ளலாம். இவை இன்று தவிர்க்கப்படும் கல்நார் சிமென்டால் செய்யப்பட்டவை. இக்காலத்தில் பின்பற்றுவோர் பொருளை மாற்றி முறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, கூரை. காங்கிரீட் தளத்தின்மேல், முன்னரே வார்த்த வளைந்த காங்கிரீட் ஓடுகள் வரிசையாக வைக்கப்பட்டன. இரண்டுக்கும் இடையே காற்று இடைவெளி உண்டு. வெயிலை மேல்ஓடு தாங்கிக்கொள்ள, கீழ்த்தளம் நிழலில் இருக்கிறது. வெப்பத்தின் பெரும்பகுதி கூரைவழி வருகிறது என்ற உண்மைக்கு இது நேரடியான விடை.

வடக்கிலும் தெற்கிலும் உள்ள தோட்டங்கள் கட்டடத்தின் பகுதியாகவே திட்டமிடப்பட்டன. மர நிழலில் குளிர்ந்த காற்று அறைகளுக்குள் நுழைகிறது. கீல், பிடி போன்ற பொருத்துகள் பித்தளையில் வார்க்கப்பட்டன. கடற்காற்றில் இரும்பு நிலைக்காது என்பதை நோக்க, இதன் பயன் தெளிவு.

கட்டி முடித்துப் பல பத்தாண்டுகள் கடந்தும் இவ்விடுதி குளிர்பதனம் இல்லாமல் பயன்பாட்டில் இருந்துவருகிறது. ஆற்றல் நெருக்கடி, புவி வெப்பமாதல் போன்ற சொற்கள் வழக்கில் வருவதற்கு முன்பே, அவற்றுக்கான ஒரு விடை இக்கரையில் எழுந்துவிட்டது.

அது ஏன் பரவவில்லை என்பதற்குக் காரணங்களை ஊகிப்பது கடினமன்று. தேக்கும் பித்தளையும் விலை மிக்கவை. நுணுக்கமான வேலைக்குக் காலமும் பொறுமையும் வேண்டும். அரசு ஒப்பந்த முறையில் இரண்டுக்கும் இடம் குறைவு. பின்னர் வந்த பொதுக் கட்டடங்கள் கோல்கொண்டாவின் காங்கிரீட்டை எடுத்துக்கொண்டன. இரட்டைக் கூரையையும் காற்றோட்டத்தையும் விட்டுவிட்டன.

மின்சாரமும் ஒரே வரைபடமும்

மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று அமைந்தபின் தமிழகச் சிற்றூர்களுக்கு மின்சாரம் விரைவாகப் பரவியது. விளக்கும் மின்விசிறியும் வந்தன. உப்பளங்களில் ஏற்றத்தின் இடத்தை மோட்டார் பிடித்தது. இது பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டடத்தின் குறையைக் கருவியால் ஈடுசெய்துகொள்ளலாம் என்ற எண்ணமும் உடன் வந்தது. கூரை சுட்டால் விசிறியைச் சுழலவிடலாம், அறை இருண்டிருந்தால் பகலிலும் குழல்விளக்கை எரியவிடலாம்.

ஊரகப் பொதுக் கட்டடங்கள் பொதுவாக மாநிலம் முழுமைக்குமான மாதிரி வரைபடங்களின்படி கட்டப்படுகின்றன. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் தமிழகத்தின் 12,618 ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டது. நூலகக் கட்டடம் அதன் பணிகளில் ஒன்று. கல்வியையும் சமத்துவத்தையும் நோக்க இது அரிய பணி. இத்தகைய பெருந்திட்டங்களில் ஒரே வரைபடம் செலவையும் காலத்தையும் குறைக்கிறது. ஆனால் நீலகிரியின் குளிருக்கும் மரக்காணத்தின் புழுக்கத்துக்கும் ஒரே சன்னல் பொருந்தாது. கிடைத்த மனையில் சாலையைப் பார்த்துக் கட்டும்போது, வெயிலின் திசையும் காற்றின் திசையும் கணக்கில் வருவதில்லை. வெறும் காங்கிரீட் மொட்டைமாடி கோடையில் 60 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். பகல் முழுதும் சேர்ந்த வெப்பத்தை அது மாலையில், மக்கள் கூடும் நேரத்தில், கீழே இறக்குகிறது.

ஆரோவில்: மண்ணும் வெயிலும்

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. மரமற்ற செம்மண் மேட்டில் முதலில் வந்தவர்களின் பெரும்பணி மரம் நடுவதும் மழைநீரைத் தடுப்பதுமாக இருந்தது. கட்டட ஆய்வு அதன் தொடர்ச்சியாக வளர்ந்தது. 1989-இல் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சிக் கழகமான ஹட்கோவின் ஆதரவுடன் இங்கே மண் கட்டடக் கலைக்கான நிறுவனம் தோன்றியது.

அந்நிறுவனம் பரப்பிய அழுத்தப்பட்ட மண்கல், ஆற்றல் சிக்கனத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. சூளையில் செங்கல் சுட விறகோ நிலக்கரியோ வேண்டும். மண்கல்லுக்குச் சூளை வேண்டாம். மண்ணுடன் ஏறக்குறைய 5 விழுக்காடு சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்தி, ஈரத்தில் பதப்படுத்தினால் போதும். ஒரு கட்டடம் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே அதன் கல்லிலும் சிமென்டிலும் கம்பியிலும் ஆற்றல் செலவாகியிருக்கிறது என்பதை இது நினைவூட்டியது. இத்தகைய கற்களால், வளைவுகளும் குவிமாடங்களும் கொண்டு எழுந்த ஆரோவில் வருகையாளர் மையம், 1992-இல் ஹசன் பாத்தி விருதைப் பெற்றது. எளியோருக்கான மண் கட்டடக் கலையை வளர்த்த எகிப்தியக் கலைஞரின் பெயரால் அமைந்த விருது அது. இம்மையத்தைக் கட்டடக் கலைஞர் சுஹாசினி ஐயர் வடிவமைத்தார்.

அவரே வடிவமைத்த சூரிய சமையற்கூடம் 1997-இல் எழுந்தது. நாள்தோறும் ஏறக்குறைய 1,000 பேருக்குச் சமைக்கும் நோக்குடன் அமைந்த பொது உணவுக்கூடம் இது. இதன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள, கண்ணாடிகள் பதித்த பெருங்கிண்ணம் உள்ளது. கிண்ணம் அசையாது. சூரியன் நகர நகர ஒளி குவியும் இடம் மாறும். அவ்விடத்தைத் தொடர்ந்து செல்லும் கொள்கலம் ஒன்று வெப்பத்தை ஏற்று, சமையலுக்கான நீராவியை உண்டாக்குகிறது. மேகமூட்டமான நாட்களுக்கு டீசல் கொதிகலன் துணை நிற்கிறது.

இதன் பாடம் எளிது. சமையலுக்கு வேண்டியது வெப்பம். வெயிலை மின்சாரமாக மாற்றி, மின்சாரத்தை மறுபடி வெப்பமாக மாற்றினால் இடையில் இழப்பு மிகுதி. வெயிலை வெப்பமாகவே எடுத்துக்கொள்வது சிக்கனம். உப்பளம் தொன்றுதொட்டுச் செய்துவருவதும் இதுவே. ஆனால் பருவமழைக் காலத்தில் உப்பளம் நிற்பது போலவே கிண்ணமும் ஓய்ந்துவிடுகிறது. வெயிலை நம்பும் எந்த ஏற்பாட்டுக்கும் மாற்றுவழி ஒன்றைச் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பதும் இங்கிருந்தே கிடைக்கும் பாடம்.

சட்டங்களும் அவை எட்டாத கூடங்களும்

இந்தியாவில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. 2002 மார்ச்சில் ஆற்றல் திறன் செயலகம் அமைந்தது. கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு 2007-இல் வெளியானது. இத்தொகுப்பு 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களை நோக்கி எழுதப்பட்டது. குடியிருப்புகளுக்கென எகோ நிவாஸ் சம்ஹிதா 2018-இல் வந்தது. 2022-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் இவற்றின் எல்லையை விரிவாக்கியது.

ஓர் ஊராட்சிச் சமுதாயக் கூடத்தின் சுமை சில கிலோவாட் அளவே. 100 கிலோவாட் என்ற வரம்புக்கு அது மிகவும் கீழே நிற்கிறது. நகரத்து வணிக வளாகத்தைக் கேள்வி கேட்கும் சட்டம் சிற்றூர்க் கூடத்தைக் கேட்பதில்லை. தனித்தனியே சிறிய இக்கூடங்கள், மாநிலம் முழுதும் சேர்ந்தால் பெருந்தொகை ஆகின்றன. அவற்றின் மின்கட்டணத்தைக் கட்டுவதும் வருமானம் குறைந்த உள்ளாட்சிகளே.

கருவிகளின் பக்கம் முன்னேற்றம் தெளிவாக உள்ளது. எல்இடி விளக்குகளைக் குறைந்த விலையில் பரப்பிய உஜாலா திட்டம் 2015-இல் தொடங்கியது. கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதன் பயனை விளக்கும். ஒரு கூடத்தில் 12 மின்விசிறிகளும் 16 குழல்விளக்குகளும் நாளுக்கு 6 மணி நேரம் இயங்குவதாகக் கொள்வோம். பழைய விசிறி 75 வாட், பழைய குழல்விளக்கு சோக்குடன் 50 வாட் என்றால் மொத்தம் 1,700 வாட், நாளுக்கு 10.2 யூனிட். விசிறியை 30 வாட் பிஎல்டிசி வகைக்கும், விளக்கை 20 வாட் எல்இடிக்கும் மாற்றினால் மொத்தம் 680 வாட், நாளுக்கு ஏறக்குறைய 4.1 யூனிட். செலவு 60 விழுக்காடு குறைகிறது.

சூரிய மின்தகடு வைப்பதற்கும் இக்கணக்கே அடிப்படை. தமிழகத்தில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். பழைய கருவிகளுடன் 2.5 கிலோவாட் தகடு வேண்டியிருக்கும் இடத்தில், மாற்றியபின் ஒரு கிலோவாட் போதும். கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கி, ஊராட்சியும் மின் உற்பத்தி செய்யலாம் என்று காட்டியது. அத்துணிவு இல்லாத, நிதி வசதி குறைந்த ஊராட்சிகளுக்கு முதற்படி சிக்கனமே. செலவைக் குறைத்தபின் உற்பத்தி எளிதாகிறது.

புயலும் மின்தடையும்

இக்கரையில் ஆற்றல் சிக்கனம் மின்கட்டணத்தோடு முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கடலோர மக்களைக் காக்கும் கட்டடங்களின் தேவை அரசின் கவனத்தைப் பெற்றது. உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பல்நோக்குக் காப்பகங்கள் கட்டப்பட்டன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது.

புயலில் முதலில் வீழ்வது மின்கம்பம். மக்கள் காப்பகத்தில் தஞ்சம் புகும் நேரமும் மின்சாரம் இல்லாத நேரமும் ஒன்றே. நூற்றுக்கணக்கானோர் நெருங்கி அமர்ந்திருக்கும் கூடத்தில் விசிறி நின்றுவிட்டால், புழுக்கமும் இருளும் முதியோரையும் குழந்தைகளையும் தாக்கும். மழை உள்ளே வராமல் காற்று மட்டும் வரும் சாய்வுப் பலகைகள், உயரத்தில் சூடான காற்று வெளியேறும் திறப்புகள், பகல்வெளிச்சம், கையால் இயங்கும் அடிகுழாய் ஆகியவை அப்போது உயிர்காக்கும் வசதிகள். விசிறியும் விளக்கும் குறைந்த வாட்டில் இயங்கினால், ஒரு சிறிய மின்கலமே இரவு முழுவதும் அவற்றைத் தாங்கும். 680 வாட் சுமைக்குப் போதுமான மின்கலம் 1,700 வாட் சுமைக்குப் பாதி நேரம்கூட நில்லாது.

காப்பகத்தில் காற்றோட்டமும் வலிமையும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். புயலின் உச்சத்தில் காற்று வரும் பக்கத் திறப்புகளை இறுக மூடியே ஆக வேண்டும். எதிர்ப்பக்கத் திறப்புகள் அப்போதும் பயன்படும். புயல் கடந்தபின் மின்சாரம் திரும்பும் வரையிலான நாட்களில் எல்லாத் திறப்புகளும் வேண்டும். ஆகவே வலுவாக மூடவும் முழுதாகத் திறக்கவும் இயலும் முகப்பே இங்கே தேவை.

பழைய கூடங்களில் செய்யத்தக்கவை

ஏற்கெனவே நிற்கும் கூடத்தின் திசையை மாற்ற முடியாது. ஆயினும் செலவு குறைந்த சில பணிகள் பெரும்பயன் தரும்.

- மொட்டைமாடிக்கு வெண்சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெண்பூச்சோ பூசி ஆண்டுதோறும் புதுப்பித்தல், அல்லது வெள்ளைத் தட்டோடு பதித்தல்.
- மேற்குச் சுவருக்கு வெளியே நிழல்மரம் வளர்த்தல், இடமில்லையேல் பந்தல் அமைத்தல்.
- எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் இருக்குமாறு செய்து, அடுக்கிய சாமான்களால் அடைபட்ட திறப்புகளை விடுவித்தல்.
- கூரையை ஒட்டிச் சூடான காற்று வெளியேறும் திறப்பு வைத்தல்.
- இவற்றுக்குப் பின்னரே விசிறி, விளக்குகளை மாற்றுதல். கடைசியாகச் சூரியத் தகடு பொருத்துதல்.

இந்த வரிசை முக்கியமானது. கூரை சுடும் கூடத்தில் புதிய விசிறி சூடான காற்றையே சுழற்றும். கூரையைக் குளிர்வித்தபின் அதே விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டாலும் போதும்.

மதிப்பீடு

மரக்காணம் – புதுச்சேரிக் கரையின் அனுபவம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டைத் தொடுகிறது. வெப்ப ஈரப்பத நாட்டில், நிழல், காற்றோட்டம், கூரை ஆகிய மூன்றையும் வரைபடத்திலேயே தீர்த்துவிட்டால் கருவிகளின் சுமை குறைகிறது என்பதைக் கோல்கொண்டா காட்டியது. கட்டும் பொருளிலும் சமைக்கும் முறையிலும் ஆற்றலைச் சேமிக்கலாம் என்பதை ஆரோவில் கட்டடங்கள் காட்டின. இவை நிதியும் நேரமும் வாய்த்த, தனித்த முயற்சிகள். உப்பளத் தொழிலாளரும் மீனவரும் கூடும் கூடங்களுக்கு இவ்வறிவு சென்று சேர, மாநிலத்தின் மாதிரி வரைபடங்களில் கடலோரத்துக்கென ஒரு தனி வரைபடம் வேண்டும். அதில் இரட்டைக் கூரையும் எதிரெதிர்ச் சன்னல்களும் திசைக் குறிப்பும் இடம்பெற்றால், ஒவ்வொரு புதிய கூடத்திலும் அவை கூடுதல் முயற்சியின்றியே அமைந்துவிடும். ஒரே வரைபடம் மாநிலம் முழுதும் பரவ முடிந்தது என்றால், சரியான வரைபடமும் அதே வழியில் பரவ முடியும்.